அறுந்த கண்ணி

பரோட்டா மாஸ்டர் சூசையின் இடது முன்கையில், கல்லின் சூடு பட்டுப் பட்டுப் பழுப்புக் கோடுகள் வலைபோலப் படர்ந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் முன்பு ஒரு பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். அதனால் கல்யாணத்தன்று அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை. மறுநாள் காலை அவன் முகம் கழுவும்போது, வலை பின்னும் வீட்டில் பிறந்த புதுப்பெண் ஜெசிந்தா அதைக் கண்டுவிட்டாள்.

“ஒட்டுவாரொட்டி இல்ல, அடுப்புச் சூடுதான்” என்றான்.

அவள் கோடுகளின் மேல் விரலை ஓட்டி, மணிக்கட்டருகே நிறுத்தினாள். “இங்கன ஒரு கண்ணி அறுந்து கெடக்கே. இந்த வலையில எந்த மீன் நிக்கும்?”

கல்யாணத்துக்கு அரைத்ததில் மிஞ்சிய மருதாணியை ஈர்க்குச்சியால் தொட்டு, அறுந்த கண்ணியை இழுத்துச் சேர்த்தாள்.

லீவு முடிந்து கடைக்குப் போன அன்று முதலாளி சத்தம் போட்டார். “வே மாஸ்டர், கல்லுல கருகுது பாரும்.”

சூசை கல்லைப் பார்க்கவில்லை. பழுப்புக்கு நடுவே அந்த ஒரு கண்ணி மட்டும் செக்கச்செவேலென்று பிடித்திருந்தது.