பேருக்குப் பின்னால்

“கயித்தை விடுங்கன்னா விடணும்!”

“பிடின்னு சொன்னதும் நீதானே!”

பாய்மரப் படகு ஓட்டக் கற்க வந்த நாலு பேரில், ஐம்பதைத் தொட்ட இந்த இருவரின் சத்தம்தான் ஆறு முழுக்கக் கேட்டது.

“ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்தும் இப்படித்தான் கத்துவ,” என்றார் அவர். அவள் முகத்தில் எட்டிப் பார்த்த சிரிப்பு, அவசரமாக ஒளிந்துகொண்டது.

கழிமுகம் வந்தது.

“நான் இங்கேயே இறங்கிக்கிறேன். இவரோட கடலுக்கு வரமாட்டேன்.”

“நாலு பேர் இல்லாம கடலுக்குப் போக முடியாதுக்கா. புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்ல வச்சுக்கங்க,” என்றார் பயிற்சியாளர்.

“யாருக்கு யார் பொண்டாட்டி? விவாகரத்தாகிப் பதினோரு வருஷமாச்சு! இவர் வர்றது தெரிஞ்சிருந்தா வந்தே இருக்கமாட்டேன்.”

பயிற்சியாளர் பட்டியலைப் புரட்டினார். “உங்க பேருக்குப் பின்னாடி இவர் பேர்தானே இருக்கு? அதான் ரெண்டு பேரையும் ஒரே கயித்துல போட்டேன்.”



“மாத்த நேரம் கிடைக்கல,” என்றாள் அவள். பதினோரு வருடமாகக் கிடைக்கவில்லையாம், பாவம்!

அவர் கயிற்றின் மறுமுனையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் மாதமே மறுபடி கல்யாணம், கடலோரமாகக் குடிபோய்விட்டார்கள். ஒரே வசதி, எந்தக் காகிதத்திலும் அவள் பேரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.