முதல் ஆள்

வரிசை நகரவில்லை. கல்லூரி அலுவலகக் கவுண்டர் எங்கோ முன்னால், தாழ்வாரம் திரும்புகிற மூலைக்கு அப்பால் இருந்தது. மூலைக்கு இந்தப் பக்கம் லூப்பு ஒரு விண்ணப்பத்தோடு நின்றான்.

சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங் பாடத்திலிருந்து விலகிக்கொள்ளும் விண்ணப்பம். இன்று கவுண்டர் மூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதில் மறுபடி ஃபெயில். மறுபடி ஃபெயில் என்றால் படிப்பே காலி.

முன்னால் நின்றவர் மகளின் சான்றிதழுக்காக வந்த ஒரு அப்பா. "நீங்க எதுக்குத் தம்பி?"

"ஒரு பாடத்தை விடறதுக்கு அங்கிள்."

"விடறதுக்குமா வரிசை? அப்படி என்ன பாடம்?"

"நிஜத்துல நடக்கறதைக் கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்கறது. எனக்குக் குடுத்தது ஒரு கவுண்டர், அதுக்கு முன்னாடி ஒரு வரிசை. ஆளுங்க வந்துட்டே இருந்தாங்க, ஒருத்தரும் வெளிய போகல. மெஷின் ஹேங் ஆயிடுச்சு."

பின்னால் நின்ற பெண் இயர்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அவன் எழுதிய எந்தப் புரோகிராமும் தானாக நின்றதில்லை; முடிவில்லாத 'லூப்'பில் சுற்றிக்கொண்டே இருக்கும். லூப்பு என்ற பெயர் வந்ததே அப்படித்தான்.

அந்தப் பாடத்தின் பேராசிரியர் அன்று சிரிக்கவில்லை. லேப் முழுக்கக் கேட்கும்படி, "மூளை இருக்கறவன் எவனாவது நகராத வரிசையில நிப்பானா? இப்படி ஒண்ணை நிஜத்துல காட்டு, முழு மார்க் போடறேன்" என்றார். காட்ட முடியாது என்று லூப்புக்கும் தோன்றியது. அதனால்தான் விண்ணப்பம்.

"இருங்க, என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டு வரேன்." அப்பா மூலைவரை போய்த் திரும்பினார். "ஷட்டர் இறக்கித்தான் இருக்கு. ஆனா முதல் ஆளு அதுல முதுகைச் சாச்சு, ஜம்முனு நிக்கிறாரு. படிச்ச மனுஷர் மாதிரி இருக்காரு. நம்மளையே பாத்துப் பாத்து டேப்லட்ல என்னமோ தட்டிட்டிருக்காரு."

"விஷயம் தெரியாமலா அவரு நிப்பாரு?" என்றாள் இயர்போன் பெண்.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. காவலாளி வந்து, "ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், இடிக்காதீங்க" என்று கயிறு கட்டினார். கயிற்றைப் பார்த்ததும் இன்னும் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

மூடும் நேரம் நெருங்கியது. லூப்பு பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினான்.

"தம்பி! நாங்கெல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?" என்று யாரோ கத்தினார்கள்.

மூலை திரும்பினான். ஷட்டரில் சாய்ந்து நின்றவர் அவனுடைய பேராசிரியர்.

"சார், நீங்களா?"

"வாப்பா. எல்லாம் உன்னாலதான். நிஜக் கவுண்டர்ல ஆளுங்க எப்படி வராங்க, எப்படிப் போறாங்கன்னு எண்ணி, நாளைக்குக் கிளாஸ்ல உன் மூஞ்சிக்கு நேரா நீட்டலாம்னு காலையிலயே வந்தேன்." அவர் குரல் இறங்கியது. "என்ன எழவோ, வந்துட்டே இருக்காங்க. ஒருத்தரும் போக மாட்டேங்கறாங்க."

"உங்களுக்குக் கவுண்டர்ல என்ன வேலை சார்?"

"எனக்கா? எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லையே."

டேப்லட்டைக் காட்டுவதற்காக அவர் ஷட்டரிலிருந்து முதுகை எடுத்தார். முதுகு இருந்த இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கவுண்டர் மாடிக்கு மாற்றப்பட்டுள்ளது.'

இருவரும் அதைப் படித்தார்கள். பேராசிரியர் திரும்பி, கயிற்றுக்குள் ஒழுங்காக நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப இவங்கெல்லாம் யாருக்குப் பின்னாடி நிக்கிறாங்க?"

லூப்பு விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"உங்களுக்குப் பின்னாடிதான் சார்."