தாயும் இரண்டு குட்டிகளும்

"இன்னும் கொஞ்சம் பதிச்சு விடுங்கோ அண்ணை. சோளத்துக்குள்ளதான் நிக்கும்" என்று குசுகுசுத்தான் பிருந்தன்.

சிவநேசம் ட்ரோனைக் கொஞ்சம் கீழே பதித்தார். இரவு முழுக்க டோர்வல் விமான நிலையத்தில் கழிப்பறைகளைக் கழுவிவிட்டு, கண்ணோடு கண் மூடாமல் வந்திருந்தார். மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரம் தெற்கே காரில் ஓடி வந்து, இந்தக் குளிரில் யாருடையதோ ஒரு சோளக்காட்டுக்குப் பக்கத்தில் நிற்பது அவருடைய வயதுக்கு வேண்டாத வேலைதான்.

ஆனால் கூப்பிட்டது முதலாளி ஆயிற்றே. துப்புரவு வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் பிருந்தன் கர்க்லாண்டில் புது வீடு வாங்கியிருந்தான். அந்த வீட்டு ஹோலில் மாட்ட அவனுக்கு ஒரு மான் கொம்பு வேண்டும். கடையில் வாங்கினால் மரியாதை இல்லையாம். துவக்கு வாங்கியாயிற்று, வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் அங்கி வாங்கியாயிற்று, மான்தான் அகப்படவில்லை. கலியாண வீடுகளில் ட்ரோன் விட்டு வீடியோ எடுக்கும் சிவநேசத்தின் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

"ஒரு மானைக் காட்டுங்கோ, திங்கக்கிழமையில இருந்து உங்களுக்குப் பகல் ஷிப்ட்" என்று சொல்லியிருந்தான்.

பகல் ஷிப்ட்! மனைவி செல்வமலருக்குப் பகல் வேலை, அவருக்கு இரவு வேலை. புருசனும் பெண்சாதியும் வாசலில் சந்தித்து வீட்டுத் திறப்பைக் கைமாற்றிக்கொண்டே வருசங்கள் ஓடிவிட்டன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்பதைவிடப் பெரிய ஆசை எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

"தம்பி, ட்ரோன் வைச்சு வேட்டையாடுறது சட்டப்படி பிழை."

"ஆர் பாக்கிறது? இந்த றோட்டால போற பொலிஸ்காரர் எனக்கு நல்ல பழக்கம், போன் நம்பரும் தந்திருக்கிறாங்கள். அவங்கள் மானுக்கு வாறவங்கள் இல்லை."

"சட்டத்தை விடும். மானுக்குக் காது இருக்கு, மூக்கு இருக்கு. நீர் நடந்து போனா அதுக்குத் தப்பி ஓட ஒரு வழி இருக்கு. மேலால நிண்டு பாக்கிறதுக்கு அது பாவம் என்ன செய்யும்?"

"நானென்ன மேல இருந்தே சுடப்போறன்? எங்க நிக்குதெண்டு பாக்கிறதுதானே. பேந்து நடந்து போய்த்தான் சுடுவன்."

"நிக்கிற இடம் தெரிஞ்சாப் பிறகு, அது கடைக்குப் போய் இறைச்சி வாங்கிற மாதிரித்தான்."

இவ்வளவு நியாயம் கதைத்த மனுசன் ட்ரோனை நிறுத்தினாரா என்றால், அதுவும் இல்லை. பகல் ஷிப்ட் அல்லவா! ட்ரோன் சோளக்காட்டின் ஓரத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று அவருடைய விரல்கள் நின்றன.

"என்ன அண்ணை, கண்டிட்டியளோ? கொம்பு இருக்கோ?"

சிவநேசம் போன் திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"இல்லை" என்றார். "தாய். கூட ரெண்டு குட்டி."

"எங்க, காட்டுங்கோ."

அவர் திரையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "கொம்பில்லாததைப் பாத்து என்ன செய்யப்போறீர்?"

பிருந்தன் கொஞ்சம் யோசித்தான். "பெட்டை மானுக்கும் எனக்குப் பெர்மிட் விழுந்திருக்கு. வெறுங்கையோட போறதே? இறைச்சியாவது மிஞ்சும். எந்தப் பக்கம்?"

"வேண்டாம் தம்பி. களைச்சுப்போய் வருகுதுகள். விடும், போகட்டும்."

"எந்தப் பக்கமெண்டு கேட்டனான்."

இப்போது பேசியது முதலாளிக் குரல். சிவநேசம் ட்ரோனைத் திருப்பி எடுத்தார். அது காலடியில் வந்து இறங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"காட்டமாட்டன்."

"அப்ப பகல் ஷிப்ட் வேண்டாமோ?"

"வேண்டாம்."

சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. செல்வமலர் நேற்றே சந்தோசத்தில் மேசைக்குப் புது விரிப்பு வாங்கிவிட்டாள்.

பிருந்தன் துவக்கைத் தூக்கிக்கொண்டு தானே தேடப் புறப்பட்டான். யாருக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாத சிவநேசம், அவன் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப முதல் என்னைச் சுட்டுப்போட்டுப் போம்!"

"ஒரு மானுக்காக இப்பிடியோ? உங்களுக்கு விசர் அண்ணை!"

துவக்கைக் காருக்குள் போட்டுவிட்டுப் பிருந்தன் கதவை அடித்துச் சாத்தினான்.

றோட்டில் ஏறியதும் எதிரே பொலிஸ் வாகனம் ஒன்று மெதுவாக வந்து நின்றது. ஏதாவது கண்டீர்களா என்று பொலிஸ்காரர் பிரெஞ்சில் கேட்டார்.

"தாயும் ரெண்டு குட்டியும்! இந்தப் பெரியவர் பாவம் பாத்துச் சுட விடேல்லை" என்று பிருந்தனும் பிரெஞ்சில் சொன்னான்.

பொலிஸ்காரர் சிரித்தார். சிவநேசமும் கஷ்டப்பட்டுச் சிரித்தார். வாகனம் வேறு பக்கம் திரும்பிப் போகும்வரை அவர் மூச்சு விடவில்லை.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டு வாசலில், ஷிப்ட் செய்தி கேட்கக் காத்திருந்த செல்வமலர் பிந்தி வேலைக்குப் புறப்பட்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஷிப்ட் கிடைச்சுதோ?"

"இல்லையப்பா. என்னில கோவிக்காத. முதல் இதைப் பார்."

ட்ரோன் எடுத்த வீடியோவைப் போனில் ஓடவிட்டு அவளிடம் நீட்டினார். பார்த்தவள் போட்ட கோட்டோடு அப்படியே படியில் இருந்துவிட்டாள்.

இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் அமெரிக்க எல்லைப் பக்கமிருந்து சோளக்காட்டு ஓரமாக நடந்து வந்தாள். மேலே ட்ரோன் சத்தம் கேட்டதும் சின்னவள் நிலத்தில் குந்தி, முதுகில் கிடந்த பள்ளிக்கூடப் பையைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.