சுவரில் ஒரு குழி

"மறுபடியும் உதிர்ந்திருக்கு பாரு!"

பொன்னம்மா வெளிச்சுவரைத் தடவினாள். சமையலறை வாசலோரம் மட்டும் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

"மழைதான் அத்தை," என்றாள் மருமகள் ருக்மணி.

"மழைக்கு இந்த இடம் மட்டும்தான் தெரியுமா? ஜப்பான்காரன் வீடு வீடா ரேடியோ தேடுறான். இந்தக் குழியைப் பார்த்தா விடுவானா? என் மகனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சுட்டுப் போனது போதாதா? உண்மையைச் சொல்லு. உள்ளே என்னடி ஒளிச்சு வச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்லை அத்தை."

காஜா பெராங் சாலை முனையில் ராணுவ லாரி நிற்கும் சத்தம் கேட்டது. பொன்னம்மா அவசரமாகக் களிமண்ணைக் குழைத்தாள்.

"வா, பூசு!" என்று மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். நகங்களில் சுண்ணாம்பு இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். உதட்டிலும் இருந்தது.

"இதையா தின்னே?"

"வாய் கேட்குது அத்தை. அடக்க முடியலை."

பொன்னம்மாவின் கையிலிருந்த களிமண் நழுவியது.

"எத்தனை மாசம்?"

"மூணு."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவரைப் பிடிச்சுட்டுப் போன பிறகுதான் எனக்கே தெரிஞ்சது."

லாரிச் சத்தம் நெருங்கியது. பொன்னம்மா முந்தானையால் முதலில் மருமகளின் உதட்டைத் துடைத்துவிட்டாள். பிறகுதான் சுவரை அடைத்தாள்.