பின்னால் வந்தவளுக்குக் கோப்பை

“முன்னால வந்தவ என் மக. பின்னால வந்தவளுக்குக் கப்பு. இது எந்த ஊரு நியாயம்னு நீங்களே சொல்லுங்க.”

பூண்டுத் தாள் அறுக்க வந்திருந்த பெண்களிடம் சின்னத்தாயி கைபேசியை நீட்டினாள். காஷ்மீரில் நடந்த பனிச்சறுக்குப் போட்டி. வெள்ளைச் சரிவில் இரண்டு பேர் வளைந்து வளைந்து இறங்குகிறார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட ரம்யா கடைசிவரை முன்னால்தான் வருகிறாள். ஆனால் ஜெயித்ததாக அறிவித்தது பின்னால் வந்த தமிழ்மதியை. அதுவும் பாலசமுத்திரத்துக்காரி! மார்கழியில்கூட மின்விசிறி போட்டுத் தூங்குகிற அடிவாரத்துப் பெண், மலைமேல் கிளாவரைக் குளிரில் பிறந்தவளைப் பனியில் ஜெயித்துவிட்டாளாம்.

மகள் மேலும் தப்பு இருந்தது. நேராகப் பார்த்துப் போகாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆரம்பத்தில் இரண்டு வெண்கலம் வாங்கியவள், இரண்டு வருடமாகத் தன் பேரில் ஒன்றுமே வாங்கவில்லை. நேரில் வந்து விவரம் சொல்கிறேன் என்று போனில் சொன்னாள். அநியாயத்துக்கு என்ன விவரம்?

அடுத்த மாதம் இத்தாலியில் போட்டி. அம்மா சரி என்றால்தான் போவாள். அனுப்புவதில்லை என்று சின்னத்தாயி முடிவே கட்டிவிட்டாள்.

மத்தியான பஸ்ஸில் ரம்யா வந்து இறங்கினாள். அவள் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே அந்தத் தமிழ்மதி.

சின்னத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வீடு தேடி வந்தவளாயிற்றே என்று வரக்காப்பி போட்டாள். வணக்கம் சொன்ன தமிழ்மதி இவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சிரித்தாள். ரம்யாதான் டம்ளரை வாங்கி அவள் கையில் கொடுத்தாள். ஒரு கப்பு வாங்கியதற்கே இவ்வளவு தலைக்கனமா என்று சின்னத்தாயி பல்லைக் கடித்தாள்.

“அம்மா, இத்தாலிக்கு நாங்க ரெண்டு பேரும் போகணும். மொதல்ல நான் சொல்றதக் கேளு.”

சின்னத்தாயி கேட்கவில்லை. ஆனால் ஐந்து மாதம் கழித்து மகள் முகத்தைப் பார்த்ததில் மனசு இளகிவிட்டது. உள்ளங்கையை நீட்டினாள்.

“போயிட்டு வா. ஆனா என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. இனிமே பின்னால வர்றவளத் திரும்பியே பாக்கக் கூடாது. அவ என்ன ஆனா ஒனக்கென்ன? ஒம்பாட்டுக்கு வெரசாப் போயிக்கிட்டே இரு.”

ரம்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தமிழ்மதிதான் பேசினாள், கொஞ்சமும் கோபமில்லாமல்.

“அப்படிப் போயிட்டான்னா நான் மரத்துல முட்டிக்கிருவேங்கம்மா. எனக்குப் பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாது. ரெண்டு வருசமா அவ தன்னோட ரேஸ விட்டுட்டு, எனக்கு முன்னால போயி இடது, வலதுன்னு மைக்ல சொல்லிக்கிட்டே வர்றா. அந்தக் குரலப் பிடிச்சுத்தான் நான் எறங்குறேன்.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அதே கையால் தமிழ்மதியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சின்னத்தாயி மகளை அதட்டினாள்.

“ஏத்தா, இத்தாலியில நல்லாத் திரும்பித் திரும்பிப் பாரு. புள்ள பின்னால வருதுல்ல.”