திரும்பி வரும் கார்

குற்றாலச் சாரல் தென்காசி வரை வந்து, மைதீனின் ரேடியோ கடை வாசலை நனைக்கிறது. மேசையில் மூடி கழற்றிய, ரேடியோவால் இயங்கும் பொம்மைக் கார். அதற்காக அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு சர்வோ மோட்டார்கள் தீப்பெட்டிகள் போலக் கிடக்கின்றன. ஒன்று சக்கரத்தைத் திருப்ப, மற்றது வேகத்தைக் கூட்ட. ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் நல்ல வலு. "வலுவானத வேகத்துக்கு மாட்டும் பாய், பறக்கணும்" என்கிறார் தங்கைக்காகக் காரைச் செய்யச் சொன்ன அருமைநாயகம். "புளியறை லாரியோட பந்தயமா விடப்போறீரு வே?" என்று சிரித்தபடியே மைதீன் பொருத்துகிறார். அருமைநாயகத்தின் தங்கை ஜெபமலர், இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால்களின் மேல் காரை இயக்கும் ரேடியோ பெட்டியை வைத்து விசையைத் தள்ளுகிறாள். கார் பாய்கிறது, திரும்ப மாட்டாமல் சுவரில் முட்டி நிற்கிறது. அண்ணன் ஓடிப்போய் எடுத்துவருகிறார். "மெதுவாவே போகட்டும் அண்ணாச்சி. யாரும் எடுத்துத் தராம எங்கிட்ட திரும்பி வந்தாப் போதும்" என்று மைதீனிடம் சொல்கிறாள். அவர் திருப்புளியை எடுத்து இரண்டு மோட்டார்களையும் இடம் மாற்றுகிறார். இப்போது கார் மெல்லப் போய், நனைந்த வாசலில் வட்டமடித்து, ஈரத் தடம் பதித்தபடி அவள் பாதத்தைத் தொட்டு நிற்கிறது. "ஸ்தோத்திரம்" என்கிறார் அண்ணன். "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார் மைதீன். பழக்கத்தில் காரை எடுக்கக் குனியும் அண்ணனிடம், "நீ சும்மா இரிண்ணே" என்று சிரித்து, ஜெபமலர் அதை மறுபடி அனுப்புகிறாள்.