கொலுக் குளத்தில் டெஸ்ட்ராயர்

ஆலன் நகரத்து வீட்டில் கொலு. கண்ணாடித் தட்டில் நீர் ஊற்றிய குளத்தில், வாத்துப் பொம்மைகளுக்கு நடுவே, சபரிநாதன் தன் கையால் செய்த விக்டோரியா மகாராணி காலத்து டெஸ்ட்ராயர் போர்க்கப்பலின் மாதிரி நான்கு புகைபோக்கிகளோடு நிற்கிறது. சுண்டல் மணக்கிறது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாடி முடித்தாயிற்று. மிச்சம் வெண்பா என்கிற இளம்பெண் மட்டும். அந்தப் பெண்ணுக்குப் பாட்டே வராது, கண்ணுகளா. புடவைத் தலைப்பை ஈரத்துணி மாதிரி பிழிகிறாள். சபரிநாதனின் மனைவி கண்மணி போனில் சுருதியை ஓடவிட்டு, "கூச்சப்படாம பாடும்மா" என்கிறாள்.

"பாடறேன் ஆன்ட்டி. அங்கிள், இந்தக் கப்பல் யாரோட சண்டை போட்டுச்சு?"

இதுவரை அவரை யாரும் கேட்காத கேள்வி. சபரிநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சம்மணம் போடுகிறார்.

"யாரோடயும் இல்லம்மா. ட்ரையல்ல ஸ்பீடு வரல, ரிப்பேர் பண்ணாங்க. அப்புறம் துறைமுகச் சுவத்துல மோதிடுச்சு."

"அச்சச்சோ. எந்தப் பக்கம் அங்கிள்?"

"இடது பக்கம். மறுபடி ரிப்பேர்."

சுருதி இழைந்துகொண்டே இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல, கப்பல் ரோந்து போகிறது, பாய்லர் ஒழுகுகிறது, கடைசியில் பழைய இரும்புக்குப் போகிறது. "அவ்ளோதான்" என்கிறார். கண்மணி நிமிர்ந்து உட்காருகிறாள். வெண்பா சட்டென்று கப்பல் பக்கம் குனிகிறாள்.

"இதுக்குக் கூடப்பிறந்த கப்பல் ஏதாவது உண்டா அங்கிள்?"

சபரிநாதனின் முகம் மலர்கிறது. "அஞ்சு இருக்கும்மா. மூத்ததுலேர்ந்து சொல்றேன்."

கண்மணி சுருதியை நிறுத்திவிட்டு, சுண்டலைக் கிண்ணங்களில் போடத் தொடங்குகிறாள்.